முடிவை எழுதாமல் விட்ட கதை

(குறுவள மையக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



டோல்கேட் பக்கத்துப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். எங்கள் பிள்ளைகள் எழுதிய கதை ஒன்றை, அவர்களே உட்கார்ந்து விளையாடும் தொடர் விளையாட்டாக மாற்றியதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். "நாடகம்தானே மிஸ்?" என்று உள்ளே வரும்போதே ஒரு சார் கேட்டார். நாடகத்தில் வசனம் முன்பே இருக்கும். இதில் அடுத்த நிமிடம் என்ன நடக்கும் என்பது யாருக்கும் தெரியாது.

ஐந்து பேர் வட்டமாக உட்காருகிறார்கள். ஒருவர் கதைசொல்லி. மற்ற நால்வரும் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரம். கதைசொல்லி ஒரு நிலைமையைச் சொல்லுவார்: "ராத்திரி. பாலத்துக்கு நடுவில் நிற்கிறீர்கள். இரண்டு பக்கமும் விளக்கு அணைந்துவிட்டது. என்ன செய்வீர்கள்?" ஒவ்வொருவரும் தன் பாத்திரம் செய்வதைச் சொல்ல வேண்டும். அது நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வந்தால் பகடை தீர்த்து வைக்கும். இந்த வாரம் விட்ட இடத்திலிருந்து அடுத்த வாரம் தொடரும். வெளிநாட்டில் இதை ரோல்பிளேயிங் கேம் என்கிறார்கள். வாரக்கணக்கில் நீளும் ஆட்டத்துக்குக் கேம்பெய்ன் என்று பெயர். எங்கள் வகுப்பில் 'கதையாட்டம்'.

இதை அச்சிட்டு விற்கத் தொடங்கியது 1974-இல், அமெரிக்காவில். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'தான் முதல் பெட்டி. எனக்கு அதைவிடப் பிடித்தது கிரெக் ஸ்டாஃபோர்ட் என்பவருடைய வரலாறு. 1966-இல் கல்லூரி மாணவராக இருந்தபோது குளோராந்தா என்ற கற்பனை உலகத்தை எழுதத் தொடங்கினார். பதிப்பாளர் ஒருவருக்குக் கதையை அனுப்பினார், திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதே உலகத்தை வைத்து ஒரு பலகை விளையாட்டு செய்தார். அதை வெளியிடவும் ஆள் அமையாததால், 1975-இல் தானே ஒரு நிறுவனம் தொடங்கி வெளியிட்டார். 1978-இல் அந்த உலகம் 'ரூன்குவெஸ்ட்' என்ற கதையாட்டமாக வந்தது. பிறகு ஆயிரக்கணக்கான வீடுகளில் அந்த உலகம் ஆயிரக்கணக்கான விதமாக மாறியது. உங்கள் மேசையில் இருக்கும் குளோராந்தா என்னுடையதிலிருந்து வேறாகத்தான் இருக்கும் என்பதை அவரே ஒப்புக்கொண்டார். இதை ஏன் சொல்கிறேன் என்பது சற்று நேரத்தில் தெரியும். நம் நாட்டுக்காரர்களும் இதில் இருக்கிறார்கள். 2022-இல் அந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளியிட்ட தொகுப்பு ஒன்றில், கொல்கத்தாவைச் சேர்ந்த எழுத்தாளர் மிமி மண்டல் வங்காளத்தின் சாயலில் ஓர் உலகத்தை எழுதியிருக்கிறார்.

இனி எங்கள் கதை. வாசிப்பு இயக்கப் புத்தகங்களைப் படித்துவிட்டு, 'நீயே ஒன்று எழுது' என்று கொடுத்த வேலையில் வந்தது அது. எங்கள் ஊர்ப் பெயரிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. பஸ் நிறுத்தம் டோல்கேட். 2021 பிப்ரவரியில் திறந்த மெட்ரோ நிலையமும் டோல்கேட். கேட்டைத்தான் பிள்ளைகள் யாரும் பார்த்ததில்லை. ஒரு மாணவி ஆறு பக்கத்தில் எழுதியிருந்தாள். கடல் எடுத்துக்கொண்ட தெருக்கள் தண்ணீருக்கு அடியில் அப்படியே இருக்கின்றன. அங்கே போக வேண்டுமானால் அந்தப் பழைய கேட்டைக் கடக்க வேண்டும். கேட்காரர் காசு வாங்க மாட்டார். ஒரு சொல் வாங்குவார். கொடுத்த சொல்லை நீங்கள் திரும்பச் சொல்ல முடியாது. கடைசியில் கதாநாயகி கடலுக்குக் கதவு போட்டுப் பூட்டிவிடுகிறாள்.

இதை விளையாடலாம் என்று தோன்றியதும் அவளையே கதைசொல்லியாக உட்கார வைத்தேன். முதல் நாளிலேயே சிக்கல். நான்கு பேரும் கடலுக்குப் போகவே இல்லை. கேட்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க வீடு எங்க? இவ்ளோ சொல்லை வாங்கி என்ன பண்றீங்க?" என்று அவரையே குடைய ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பெண் அவர்களைக் கடல் பக்கம் இழுத்து இழுத்துப் பார்த்தாள். மணி அடித்ததும் நோட்டை மூடிக்கொண்டு என்னிடம் வந்து, "மிஸ், இது என் கதையே இல்ல" என்றாள். கண் கலங்கியிருந்தது.

இந்த இடத்தில்தான் ஆசிரியர் வேலை தொடங்குகிறது என்று நினைக்கிறேன். எழுதிய பிள்ளையிடமிருந்து கதையைப் பிடுங்கி நால்வர் கையில் கொடுப்பதும் சரியில்லை. நால்வரையும் அவளுடைய முடிவுக்கு ஓட்டிக்கொண்டு போவதும் சரியில்லை. ஸ்டாஃபோர்டின் கதையை அவளுக்குச் சொன்னேன். பிறகு, நடக்கப்போவதை எழுதுவதை நிறுத்தச் சொல்லி ஒரு தாள் கொடுத்தேன். அந்த உலகத்தில் யார் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன வேண்டும், எதற்குப் பயப்படுகிறார்கள் என்று எழுத வேண்டும். கடைசியாக ஒரு கேள்வி: யாரும் எதுவும் செய்யாவிட்டால் என்ன ஆகும்?

அந்தக் கடைசிக் கேள்விக்கு அவள் இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு அமாவாசைக்கும் கடல் ஒரு தெருவை எடுக்கும் என்று முடிவு செய்து, எந்தத் தெரு முதலில், எது அடுத்தது என்று வரிசை போட்டாள். பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கம் வரைபடம் வரைந்து, தெருக்களுக்குப் பெயர் வைத்தாள். கேட்காரருக்கு ஓர் ஆசையும் எழுதினாள்: அவர் முதன்முதலில் கொடுத்த தன் சொந்தச் சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறார். அதற்குப் பிறகு நான்கு பேரும் எங்கே போனாலும் அவள் தடுமாறவில்லை. கேட்காரரைக் குடைந்தால் அவருக்கு என்ன வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். பேசிக்கொண்டே இருந்தால் அமாவாசை வந்துவிடும்.

சொல்லை விலையாகக் கொடுக்கும் சங்கதி கதையில் ஒரு வரிதான். விளையாட்டில் அதுவே தமிழ்ப் பாடமாகிவிட்டது. முதலில் பையன்கள் தந்திரம் செய்தார்கள். ஒருவன் 'ஒட்டகச்சிவிங்கி'யைக் கொடுத்துவிட்டுச் சிரித்தபடி கடந்து போனான். வகுப்பே கூடி விதியைத் திருத்தியது: இன்று காலையிலிருந்து நீ ஒரு முறையாவது சொல்லியிருக்கும் சொல்லாக இருக்க வேண்டும். அடுத்து வந்த மாணவி 'வீடு' என்ற சொல்லைக் கொடுத்தாள். அந்த ஆட்டம் முழுக்க அவள் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது. "அம்மா இருக்கிற இடம்" என்றாள். "செருப்பு கழட்டுற இடம்" என்றாள். "சாவி வச்சிருக்கிற இடம்" என்றாள். இரண்டு ஆண்டில் மூன்று முறை வாடகை வீடு மாறிய குடும்பம் அது. ஒருபொருள் குறித்த பல சொற்கள் என்று நாம் பட்டியல் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறோமே, அதைப் பற்றி அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் யோசனை வந்தது.

பகடைக்கு வருகிறேன். கடையில் விற்கும் இருபது பக்கப் பகடையெல்லாம் வேண்டாம். தாயக்கட்டை இருக்கிறது. இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என நான்கு பக்கம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. எங்கள் கணக்கு ஆசிரியரிடம் கேட்டேன். பிள்ளைகளையே கட்டம் போட்டு எண்ண வைத்துவிட்டார். மொத்தம் 16 வகையில் விழலாம். மூன்று விழ 4 வகை, தாயம் விழ 2 வகை, ஆறுக்கு ஒன்றே ஒன்று, பன்னிரண்டுக்கும் ஒன்றே ஒன்று. கடினமான காரியத்துக்கு ஐந்தோ அதற்கு மேலோ விழ வேண்டும் என்று வைத்தால் 16-இல் 4, நாலில் ஒரு பங்குதான் வாய்ப்பு. மூன்றோ அதற்கு மேலோ போதும் என்றால் 16-இல் 11. 'சுவர் ஏறுவது எவ்வளவு கஷ்டம்?' என்று குழு சண்டை போட்டு எண்ணைத் தீர்மானிக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் வரும் நிகழ்தகவுக்கு இவர்கள் புதியவர்களாகப் போகமாட்டார்கள்.

"கிளாஸ்ல தாயம் உருட்டுறாங்களாமே" என்று ஒரு பாட்டி கேட்டுக்கொண்டு வந்தார். நியாயமான கேள்வி. ஒரு பாடவேளை உட்கார்ந்து பார்க்கச் சொன்னேன். முடிவில், "அந்தக் கேட்டுக்காரன் பொய் சொல்றான், நம்பாதீங்க" என்று பிள்ளைகளை எச்சரித்துவிட்டுப் போனார்.

இன்னொரு விதி ஒரு மாணவனிடமிருந்து வந்தது. எண்ணூர்ப் பக்கம் மீன்பிடிக்கும் குடும்பம். வகுப்பில் வாயே திறக்க மாட்டான். கதையில் கறுப்புத் தண்ணீர் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியதைப் பிள்ளைகள் மறக்கவில்லை. படகைச் சுற்றி எண்ணெய், என்ன செய்வீர்கள் என்று கதைசொல்லி கேட்டாள். ஒருவன் கட்டையை எடுத்தான். இவன் கையை நீட்டித் தடுத்து, "கட்ட வேணாம். எனக்குத் தெரியும்" என்றான். மேலே மிதப்பதை எப்படி மொண்டு வாளியில் ஊற்றுவது, சாக்கை எங்கே போடுவது, வலையை ஏன் முதலில் தூக்கிவிட வேண்டும் என்று ஐந்து நிமிடம் பேசினான். ஆண்டு முழுக்க அவன் பேசியதைவிட அதிகம். அன்றிலிருந்து, தெரிந்ததைத் தெளிவாகச் சொல்லிக்காட்டுபவர் கட்டை உருட்ட வேண்டியதில்லை.

நான்காவது வாரம் கதை எங்கள் கையை விட்டே போய்விட்டது. கடல் ஏன் தெருவை எடுக்கிறது என்று ஒரு பாத்திரம் கேட்டது. கதைசொல்லிக்குப் பதில் இல்லை. சமூக அறிவியல் ஆசிரியரிடம் ஓடினார்கள். அவர் சொன்னது இதுதான்: நம் கரையில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்காக நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் கட்டியபோது அந்த மணல் தடைபட்டது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் கரைகளுக்கு வரவேண்டிய மணல் வரவில்லை. கடல் கரையை அரித்தது. கரையோரம் கொட்டியிருக்கும் கருங்கற்களை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். கதையோ அந்த வாரம்தான் கிடைத்தது.

அடுத்த ஆட்டத்தில் நால்வரும் கடலைப் பூட்டும் திட்டத்தைக் கைவிட்டு, மணலைத் தேடித் தெற்கே நடக்கத் தொடங்கினார்கள். எழுதிய பெண் அதைத் தடுக்கவில்லை. தன் தாளில் 'கடலுக்கு என்ன வேண்டும்' என்ற இடத்தில் முன்பு 'தெருக்கள்' என்று எழுதியிருந்தாள். அதை அடித்துவிட்டு 'மணல்' என்று எழுதிக்கொண்டாள்.

சில நடைமுறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இலக்கிய மன்ற நேரத்தில்தான் விளையாடுகிறோம், வாரம் ஒரு பாடவேளை. நாற்பது பேருக்கு எட்டுக் குழு; ஒரே உலகம், எட்டுக் கதை. தொடக்கத்தில் கதைசொல்லிகள் எட்டுப் பேருக்கு மட்டும் தனியே அரை மணி நேரம் ஒதுக்குங்கள். சத்தம் இருக்கும், பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். முக்கியமான ஒன்று: யாருக்காவது ஒரு காட்சி வேண்டாம் என்றால் தரையில் உள்ளங்கையை வைத்தால் போதும். காரணம் கேட்காமல் கதை வேறு இடத்துக்குப் போய்விட வேண்டும். கடலில் ஆளைப் பறிகொடுத்த வீட்டுப் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

எட்டுக் குழுவுக்குத் தாயக்கட்டை கிடைக்காது. புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெள்ளையாகும்வரை சிமெண்டுத் தரையில் தேய்த்துக்கொள்ளுங்கள், குழுவுக்கு நான்கு. நான்கும் வெள்ளையாக விழ 16-இல் ஒன்று, இரண்டு வெள்ளை விழ 16-இல் ஆறு. தேய்த்த கொட்டைகளும் அந்த மாணவியின் தாளின் நகலும் கொண்டுவந்திருக்கிறேன். அவளிடம் அனுமதி கேட்டுத்தான் எடுத்தேன். "அவங்க மாத்திக்கலாம் மிஸ், ஆனா கேட்காரரைக் கொல்லக் கூடாது" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். உணவு இடைவேளைக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது. ஐந்து ஐந்து பேராக உட்காருங்கள். கேட்டுக்கு முன்னால் நிற்கிறீர்கள். இன்று காலையிலிருந்து சொன்ன சொல்லில் எதைக் கொடுக்கிறீர்கள்?