பத்துப் பெட்டியும் தேன் வியாபாரமும்

(மார்த்தாண்டம் அருகே நடந்த விவசாய இளைஞர் கூட்டத்தில், தேனீ வளர்க்கும் தோழர் ஒருவர் பேசியதின் சுருக்கம்.)



கடன் வாங்கி ஐம்பது தேன்பெட்டி வைக்கப் போகிறோம் என்று உங்களில் நாலைந்து பேர் சொன்னீர்கள். கேட்க சந்தோஷம்தான். ஆனால் நான் "வேண்டாம்" என்றுதான் சொல்லுவேன். பத்து வையுங்கள். ஏன் என்று கேளுங்கள்.

நம் ஊரில் இந்தத் தொழிலுக்கு வயது நூறு. 1924ல் ஸ்பென்சர் ஹாட்ச் இங்கே கிராமப் புனரமைப்பு நிலையம் தொடங்கினார். அங்கிருந்துதான் பெட்டியில் தேனீ வளர்ப்பது குடிசைக்குக் குடிசை பரவியது. நிலமில்லாதவனும் செய்யக் கூடிய தொழில் இது. தோட்டம் முதலாளியுடையது, ஈ நம்முடையது!

ஆனால் 1991-92ல் என்ன நடந்தது? தாய் பைப்புழு நோய் வந்தது. கூட்டுக்குள் புழுக்கள் நீர்ப்பை போல வீங்கிச் செத்தன. தென்னாட்டில் நம் நாட்டுத் தேனீக் கூட்டங்களில் பெரும்பாலானவை அழிந்தன. அதற்கு இன்றும் மருந்து இல்லை. தப்பிய கூட்டங்களைப் பிரித்துப் பிரித்துத்தான் மறுபடி தலை தூக்கினோம். ஐம்பது பெட்டியும் கடனில் நின்றால், அந்த மாதிரி ஒரு வருஷத்தில் குடும்பம் என்ன ஆகும்?

இனி விளைச்சல். நமக்குத் தேன் தருவது ரப்பர். பூ அல்ல, மார்கழி, தை மாதங்களில் இலை உதிர்ந்து புதுத்தளிர் விடும்போது, இலைக்காம்பில் சுரக்கிறதே, அந்த இனிப்பு நீர். இரண்டு மூன்று மாதம்தான். அதற்குள் கூட்டம் பலமாக இருக்க வேண்டும். ஆகவே ஐப்பசியிலேயே பெட்டி கையில் இருக்க வேண்டும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பெட்டிக்கு எட்டு, பத்து கிலோ. மழைக்காலத்தில் நாம்தான் சர்க்கரைப் பாகு ஊற்றிக் காப்பாற்ற வேண்டும். அந்தச் செலவை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. நானும் முதல் வருஷம் எழுதவில்லை!

அந்த வருஷம் எனக்கு ஆறு பெட்டி. அடை மூடுமுன்பே அவசரப்பட்டுத் தேன் எடுத்தேன். தண்ணீர் அதிகம், டின்னில் நுரைத்துப் புளித்தது. வியாபாரி மூக்கைச் சுளித்துப் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார். அந்தக் குற்றம் என்னுடையது. ஆனால் அடுத்த வருஷம் நல்ல தேன் கொண்டுபோனேன். அப்போதும் அதே விலைதான் சொன்னார். அந்தக் குற்றம் யாருடையது?

காரணம் சந்தையில் இருக்கிறது, தோழர்களே. 2020 டிசம்பரில் டில்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 கம்பெனிகளின் தேனைச் சோதித்தது. ஜெர்மனியில் நடந்த நுட்பச் சோதனையில் தேறியவை மூன்றுதான். சோதனையை ஏமாற்றுவதற்கென்றே பாகு தயாரித்து விற்கிறார்களாம்! பாகின் விலையோடு தேனீ எப்படிப் போட்டி போடும்?

அதற்கு மேல் ஏற்றுமதி. இந்தியத் தேனை அதிகம் வாங்குவது அமெரிக்கா. 2022ல் மலிவுவிற்பனைத் தடுப்பு வரி போட்டார்கள். 2024 மார்ச்சில் நம் சர்க்காரே டன்னுக்கு 2,000 டாலர் குறைந்தபட்ச விலை வைத்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்க வரி 50 சதவிகிதமாக ஏறியது. "நம் தேன் கப்பல் ஏறுவதில்லையே" என்பீர்கள். உண்மை, ஏறுவது பெரும்பாலும் வடநாட்டு இத்தாலியத் தேனீயின் தேன். ஆனால் அங்கே போகாத சரக்கு எங்கே வரும்? உள்நாட்டுச் சந்தைக்குத்தான். மொத்த வியாபாரி அதைக் காட்டித்தான் நம் விலையை வெட்டுவார்.

ஆகவே டின் கணக்கில் விற்கிற தொழிலாக இதைத் தொடங்காதீர்கள். பத்துப் பெட்டியில் எண்பது கிலோ வந்தால், அதை அறிந்தவர் தெரிந்தவரிடமே பாட்டிலில் விற்றுவிடலாம். ஐம்பது பெட்டியின் தேனை அப்படி விற்க முடியாது. வியாபாரி வாசலில்தான் நிற்க வேண்டும். பெருக்க நினைப்பவர்கள் பத்துப் பேர் சேருங்கள். தேன் எடுக்கும் இயந்திரம் ஒன்று, வெந்நீர்ச் சூட்டில் பதப்படுத்தும் பாத்திரம் ஒன்று, பூட்டிவைக்க ஒரு அறை. சித்திரையில் விலை விழும்போது விற்காமல் காத்திருக்க முடிந்தால், அதுவே பாதி லாபம். கூட்டுறவுச் சங்கத்தில் தகராறு வராதா? வரும். நாங்களும் எடைத் தராசுக்காக ஒரு மாதம் பேசாமல் இருந்தோம்.

வருகிற ஞாயிறு காலை என் வீட்டில் ஒரு பெட்டியைத் திறந்து காட்டுகிறேன். ஸ்டாண்டின் காலுக்கு எறும்பு ஏறாமல் தண்ணீர்க் கிண்ணம் வைப்பதிலிருந்து பார்க்கலாம். வாசனைத் தைலம் பூசிக்கொண்டு யாரும் வராதீர்கள், கொட்டும்.