குருவி வரும்வரை காத்திருக்க வேண்டாம்



நாவல் வாசிக்கும் பழக்கம் எனக்கு இப்பாடசாலை நூலகத்திலே தொற்றியது. அண்மையில் என்னை உலுக்கிய நாவல், அமெரிக்க எழுத்தாளர் எவாஞ்சலின் வால்டன் 1971இல் வெளியிட்ட 'லீரின் பிள்ளைகள்'. வேல்ஸ் நாட்டுக் கெல்டியப் பழங்கதைகளான மாபினோகியனின் ஒரு கிளையை அவர் நாவலாக்கியிருக்கிறார்.

இளவரசி பிரான்வென் அயர்லாந்து மன்னனை மணக்கிறாள். அவளுடைய சகோதரன் ஒருவன் அம்மன்னனின் குதிரைகளைச் சிதைத்துவிட, தண்டனை அவளுக்கு வருகிறது. சமையற்கட்டு வேலை, நாள்தோறும் இறைச்சி வெட்டுபவன் அவள் செவிட்டில் அறைவான். மூன்று ஆண்டுகள்! மாப்பிசையும் தொட்டியருகே மைனா இனக் குருவியொன்றை வளர்த்து, பேசப் பழக்கி, சிறகடியில் கடிதம் கட்டி அண்ணனுக்கு அனுப்புகிறாள். பழங்கதை சில வரிகளில் கடந்துபோகும் இத்துயரை வால்டன் அவளுடைய மனத்துக்குள் நின்று எழுதுகிறார்.

உதவி வந்தது, போராக வந்தது. இரு நாடும் அழிந்தன. பிரான்வென் நெஞ்சு வெடித்து இறந்தாள்.

வைத்தியராக நான் காணும் பிரான்வென்கள், "படியில விழுந்திட்டன் டொக்டர்" என்பார்கள். முன்பெல்லாம் மருந்து கட்டி அனுப்பிவிடுவேன். இப்போது கூட வந்தவரை வெளியே இருத்தி, கதவைச் சாத்தி, மறுபடி கேட்கிறேன். சிலர் சொல்கிறார்கள்.

சகோதரிகளே, எந்த நாட்டில் வாழ்ந்தாலும், வகுப்புத் தோழி ஒருத்தி திடீரென்று பேச்சை நிறுத்தினால் நீங்களே தேடிப் பேசுங்கள். குருவி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.