ஃபிளாட் வாங்குவோரும் பில்டரும்: தகராறைத் தீர்க்கும் வழிகள்

(எலவனாசூர்கோட்டையில் நடந்த பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நாலு பேருக்கு உபயோகமா ஏதாவது பேசுப்பா" என்று செயலாளர் அண்ணன் சொன்னார். சிவில் இன்ஜினியர் என்பதால் பாலம், அணை என்று பேசுவேன் என நினைத்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டது நம் வீட்டு விஷயம். நம்மில் பலர் சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிறோம். ஃபிளாட் வாங்கியிருக்கிறோம், அல்லது வாங்கப் போகிறோம். அந்த முன்பணத்தில் அப்பா கரும்பு போட்டுச் சேர்த்த காசு இருக்கும். அம்மாவின் நகை இருக்கும். சில வீடுகளில் விற்ற நிலமே இருக்கும். மிச்சம் இருபது வருஷத்து வங்கிக் கடன். அதனால் இதில் தகராறு வந்தால் குடும்பமே ஆடிப்போகிறது.

நம் எலவனாசூர்கோட்டைப் பக்கம் வீடு கட்டுவது வேறு மாதிரி. மனை நம்முடையது. மேஸ்திரி தெரிந்தவர். செங்கல் வந்து இறங்கும்போதே ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்ப்போம். சுவர் கோணினால் அன்றைக்கே "என்ன மேஸ்திரி இது?" என்று கேட்டுவிடலாம். ஃபிளாட்டில் அப்படி முடியாது. வீடு எழும்பும் முன்பே பணம் போய்விடுகிறது. எதிரே உட்கார்ந்து பேசுபவர் விற்பனைப் பிரிவு இளைஞர். ஆறு மாதத்தில் அவர் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். அவர் வாயால் சொன்னதும் அவரோடு போய்விடும். ஆகவே பில்டரோடு வரும் தகராறில் நமக்குப் பலம் இரண்டுதான்: கையில் இருக்கும் காகிதம், கூட நிற்கும் பக்கத்து வீட்டுக்காரர்.

ஒரு காலத்தில், வீடு கட்டித் தருவது 1986-ஆம் வருஷத்து நுகர்வோர் சட்டப்படி 'சேவை'தானா என்றே வாதம் நடந்தது. 1993-இல் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில், அது சேவைதான், குறை இருந்தால் நஷ்டஈடு கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2014 ஜூன் 28-ஆம் தேதி சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் மழையில் சரிந்து 61 பேர் மாண்டனர். பக்கத்திலிருந்த இன்னொரு கட்டடமும் 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. கடன் வாங்கிப் பணம் கட்டியவர்கள் கதியை நினைத்துப் பாருங்கள். 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம், அதாவது 'ரேரா', 2017 மே முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டு விதிகள் அதே ஆண்டு ஜூனில் வெளியாயின.

இந்தச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனை, அல்லது எட்டுக்கு மேற்பட்ட வீடுகள் என்றால் திட்டத்தைப் பதிவு செய்யாமல் விற்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது. முதலில் அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஒப்பந்தம் எழுதிப் பதியாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கவும் கூடாது. "புக்கிங் மட்டும் இருபது பர்சென்ட் போடுங்க சார், அக்ரிமென்ட் அப்புறம் பாத்துக்கலாம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பரப்பளவு கார்ப்பெட் ஏரியா கணக்கில்தானா, நிலத்தில் பிரிபடாத பாகம் எவ்வளவு, ஒப்படைக்கும் தேதி என்ன என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். விளம்பரத்தாளையும் தூக்கிப் போடாதீர்கள். பொய் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டியவருக்கும் சட்டத்தில் நிவாரணம் உண்டு.

ஒப்பந்தம் ஒருதலைப்பட்சமாக இருந்தால் என்ன செய்வது? குர்காவ்ன் குடியிருப்பு ஒன்றின் ஒப்பந்தத்தில் வாங்குபவர் தவணை தாமதித்தால் 18 சதவீத வட்டி. பில்டர் தாமதித்தால் 9 சதவீதம்தான். 2019-இல் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட ஒப்பந்தம் வாங்குபவரைக் கட்டுப்படுத்தாது என்றது. ரேரா சட்டமோ இரு பக்கத்துக்கும் ஒரே வட்டி என்கிறது. தமிழ்நாட்டு விதிப்படி அது ஸ்டேட் வங்கியின் எம்.சி.எல்.ஆர். வட்டியோடு இரண்டு சதவீதம்.

வீடு குறித்த தேதிக்குள் கிடைக்காவிட்டால் இரண்டு வழி. விலகிக்கொண்டு வட்டியோடு பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அல்லது காத்திருந்து, தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கேட்கலாம். ஆனால் கோபத்தில் தவணையை நாமாக நிறுத்திவிடக் கூடாது. வாங்குபவர் தாமதித்தாலும் சட்டப்படி வட்டி உண்டு. நாளை பில்டர் அதையே நமக்கு எதிராகக் காட்டுவார்.

அடுத்து, குடியேறிய பின் வரும் குறைகள். இதில் கொஞ்சம் என் தொழிலையும் சேர்த்துக்கொள்கிறேன். பூச்சில் வலை வலையாக ஓடும் மயிரிழை விரிசல் பெரும்பாலும் சிமெண்ட் பூச்சு சுருங்குவதால் வருவது. அதற்குப் பயப்பட வேண்டாம். தூணும் உத்தரமும் சேரும் இடத்தில் சாய்வாக ஓடும் விரிசல், பழுப்பு நிறத் துருக் கறை, கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிவது, இவை கண்டால் சும்மா இருக்கக் கூடாது. விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். மூன்று மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடி எடுங்கள். வளர்கிறதா நிற்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

சாவி வாங்கிய நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை இருப்பதாக நீங்கள் தெரிவித்தால், பில்டர் காசு வாங்காமல் முப்பது நாளுக்குள் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் நஷ்டஈடு கேட்கலாம். இங்கே 'தெரிவித்தால்' என்பது முக்கியம். போனில் சொன்னேன் என்றால் எடுபடாது. ஈமெயில் அனுப்புங்கள், ஸ்பீட் போஸ்டிலும் ஒரு பிரதி அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

சென்னையில் நான் குடியிருக்கும் கட்டடத்தில் மேல் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் கீழ் வீட்டுக் கூரையில் இறங்கியது. இருபது குடும்பமும் தனித்தனியாகப் போன் செய்தன. "மெயின்டனன்ஸ் ப்ராப்ளம் சார்" என்ற ஒரே பதில்தான் எல்லோருக்கும். பிறகு எல்லோரும் உட்கார்ந்து எந்த வீடு, எந்த அறை, எந்தத் தேதி என்று ஒரே பட்டியல் போட்டு, எல்லோரும் கையெழுத்திட்டு அனுப்பினோம். பில்டரின் இன்ஜினியர் வந்தார். அவர் முன்னிலையிலேயே குளியலறையில் தண்ணீர் கட்டி, இரண்டு நாள் விட்டுப் பார்த்தோம். குழாய் இணைப்பைச் சுற்றித்தான் கசிவு. அதற்குப் பிறகு யாருக்கும் வாதம் இல்லை. ஆள் வந்து தளத்தைப் பெயர்த்து, நீர்க்காப்பு மறுபடி போட்டுக் கொடுத்தார்கள். வக்கீல் நோட்டீஸ் வரை போகவே இல்லை.

ஒற்றுமை என்றால் நொய்டாவைச் சொல்ல வேண்டும். சூப்பர்டெக் எமரால்டு கோர்ட் குடியிருப்போர் சங்கம், தங்கள் சம்மதமில்லாமல் விதியை மீறி இரட்டைக் கோபுரம் எழுந்ததை எதிர்த்து வருஷக்கணக்கில் வழக்காடியது. 2021 ஆகஸ்ட் 31-இல் உச்ச நீதிமன்றம் இடிக்க உத்தரவிட்டது. 2022 ஆகஸ்ட் 28-இல் இரண்டும் தகர்க்கப்பட்டன. தனி ஒருவரால் இது ஆகியிருக்குமா?

பேசித் தீரவில்லை என்றால் ரேரா ஆணையம் உண்டு, நுகர்வோர் ஆணையம் உண்டு. ரேரா வந்ததால் நுகர்வோர் ஆணையத்தின் கதவு அடைபடவில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஒரே நிவாரணத்தை இரண்டு இடத்தில் கேட்காமல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பிரச்சினை எழுந்த இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். ஊரில் இருக்கும் பெற்றோர் பெயரில் வாங்கியிருந்தால் இது பெரிய வசதி. ரேரா உத்தரவுப்படி பில்டர் பணம் தராவிட்டால் நிலவரிப் பாக்கி போல் வசூலிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அதற்கும் நாம் விடாமல் நடக்கத்தான் வேண்டியிருக்கும். அதனால்தான் எழுத்தில் வந்த நியாயமான சமரசத்தை அற்பமாக நினைக்காதீர்கள் என்கிறேன்.

கடைசியாக, படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு. உங்களில் பலர் நாளை பில்டரிடம்தான் வேலைக்குச் சேர்வீர்கள். நானும் சேர்ந்தவன்தான். நல்ல பில்டர்கள் நிறையப் பேர் உண்டு. சிமெண்ட் விலை ஏறுவதும், ஆள் கிடைக்காததும், அனுமதி தாமதமாவதும் அவர்களுடைய உண்மையான கஷ்டங்கள். ஆனால் கான்கிரீட் கியூப் சோதனையைச் செய்யாமலே பதிவேட்டில் எண்ணை நிரப்பச் சொன்னால், "முடியாது சார்" என்று சொல்லுங்கள். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் நம் ஊரில் யாரோ ஒருவர் நிலத்தை விற்றுப் பணம் கட்டியிருக்கிறார்.