தாளிப்புப் புகையும் காதலும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



காதல், கலை, கற்பனை, அன்றாட வாழ்க்கை என்னும் நான்கையும் பற்றிச் சில சொல்லுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தனர். ஒவ்வொன்றும் ஒரு கடல். எனக்குக் கிடைத்திருப்பதோ சிறு பொழுது; குழந்தைகளின் நாடகம் வேறு காத்திருக்கிறது. ஆதலின், நான்கும் ஒருங்கே குடியிருக்கும் ஒரு சிறு பாட்டினுள் உங்களை அழைத்துச் செல்ல எண்ணுகிறேன்.

குறுந்தொகையில் கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாட்டுக்கள் உள்ளன. பெரும்பாலும் நான்கடி முதல் எட்டடி வரை அமைந்தவை. டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1937-இல் அதனை விரிவான உரையுடன் பதிப்பித்தார். அதன் மூன்றாம் பாட்டைப் பலரும் அறிவர். நிலத்தையும் வானையும் நீரையும் அளவுகோலாகக் கொண்டு, தன் காதல் அவற்றினும் பெரிது என்கிறாள் தலைவி. மேடையில் அதனைச் சொன்னால் கைதட்டல் எழும். நான் எடுத்துக்கொள்வதோ கூடலூர் கிழார் பாடிய 167-ஆம் பாட்டு. இதில் வானும் இல்லை, கடலும் இல்லை, தயிர் இருக்கிறது.

மணமாகிச் சென்ற மகளின் இல்லத்தைக் கண்டு மீண்ட செவிலித்தாய், பெற்ற தாயிடம் கூறும் செய்தி அது. மகள் கட்டித் தயிரைத் தன் மெல்விரலால் பிசைந்தாள். விரலைத் துடைத்த ஆடையைத் துவைக்காமலே உடுத்திருந்தாள். தாளிப்புப் புகை மை தீட்டிய கண்ணில் நிறைந்தது. தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிதென்று உண்டான். அவள் முகம் நுட்பமாக மலர்ந்தது. இவ்வளவே பாட்டு.

செவிலியின் கண் எங்கெங்குச் சென்றது, பாருங்கள்! மருமகனின் செல்வத்தைச் சொல்லவில்லை. வீட்டின் அகலத்தைச் சொல்லவில்லை. செவிலி கைபார்த்து வளர்த்த செல்வமகள் இன்று தன் ஆடையையும் மறந்து அடுப்பின்முன் நிற்கிறாள் என்பதைக் கண்டாள். ஆடையை மாற்றப் போனால் அடுப்பிலுள்ளது கெட்டுவிடும் அல்லவா? அந்தப் பதைப்பை ஓர் அழுக்குத் துணியில் காட்டிவிட்டார் புலவர். மூன்றாம் பாட்டு காதலின் அளவைக் கூறுகிறது. இப்பாட்டோ காதல் வேலை செய்வதைக் காட்டுகிறது. கலை என்ற வகையில் இதுவே உயர்ந்தது என்பது என் துணிபு. மறுப்போர் மறுக்கலாம்.

அகப்பாட்டில் தலைமக்களின் பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பிய மரபு. அதனால் இப்பெண்ணுக்குப் பெயர் இல்லை. நம் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருப்பவளாகவும் இருக்கலாம். தாயோ தொலைவில் இருக்கிறாள். அவளுக்கு வாய்த்தது சொல் ஒன்றே. அச்சொல்லைக் கொண்டு புகையையும் முகத்தையும் அவள் தன் மனத்தில் எழுப்பிக்கொள்ள வேண்டும். கற்பனைக்கு இல்லறத்தில் உள்ள இடம் இதுதான். ஊரிலிருந்து வந்த கடிதங்களில் நம் அன்னையர் கேட்டதும், இன்று கைப்பேசித் திரையில் முகத்தைக் கண்ட பின்னும் கேட்பதும் ஒரே கேள்வி: “இன்று என்ன சமையல்?” குழம்பை அறிவதற்காகவா கேட்கிறார்கள்?

‘அவளே சமைக்க வேண்டுமோ, அவன் உண்பதோடு சரியோ?’ என்று இளைஞர் வினவக்கூடும். வினவட்டும். அக்காலக் குடும்ப அமைப்பு பாட்டில் இருக்கிறது. அதனை மூடி மறைக்க நான் வரவில்லை. அலுவலகம் சென்று மீண்டு இருவரும் அடுப்பை மூட்டும் வீடுகள் இங்கே பல உண்டு. அங்கே ‘இனிது’ என்பதை யார் முதலில் சொல்வது என்பது அவரவர் வழக்கு.

இன்னொன்று. குழம்பு உண்மையிலேயே சுவையாக இருந்ததா என்று செவிலி சுவைத்துப் பார்த்ததாகப் பாட்டில் இல்லை. கணவன் அவ்வாறு கூறினான், அவள் முகம் மலர்ந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள். அதைக் கேட்ட தாய் என்ன விடையளித்தாள் என்பதும் பாட்டில் இல்லை.