உல்கு வேலியில் அடிபடுவோர் யார்?
(மந்தாரக்குப்பத்தில் ஆற்றிய உரை)



ஒரு நாடு வணிகக் கூட்டினின்று பிரிந்தால், உல்கு எனும் சுங்கவரி யார் தலையில் விழும்? விடை, அண்மையிலுள்ள புதுவையின் வரலாற்றிலேயே உண்டு.

1941-இல் பிரெஞ்சுப் பகுதிகளும் பிரித்தானிய இந்தியாவும் ஒரே உல்கு எல்லைக்குள் வந்தன. 1949-இல் தில்லி அவ்வொப்பந்தத்தை முறித்தது. புதுவையோ தென்னார்க்காட்டு ஊர்களிடையே துண்டு துண்டாய்ச் சிதறிக் கிடந்தது. கொண்டு கொடுத்து வாழ்ந்த ஊர்களுக்கு நடுவே உல்குக் காவல்! 1954 நவம்பர் 1-இல் ஆட்சி மாறிய பின்னரே அவ்வேலி அகன்றது.

உல்கின் இயல்பு யாது? பெருவணிகன் அதனை விலையில் ஏற்றிவிடுவான். கள்ளக் கடத்தலாளன் கொழுப்பான். வேறு சந்தை நாட வழியற்ற உழவனும் நெசவாளியும், அன்றாடம் வாங்கியுண்ணும் கூலியாளுமே முழுச்சுமை தாங்குவர்.

ஒப்பந்தமிட்டவை அயலார் ஆட்சிகள்; முறித்தது தில்லி; இழந்தவனோ இருபுறத்துத் தமிழன். வேலியிடும் உரிமை, அதனால் அடிபடும் மக்களிடமே இருத்தல் வேண்டும்!