படிப்பை முடித்த பேரனுக்கு அமெரிக்க நிவாரணத் தொகை உண்டா?

(2021 ஏப்ரலில் நம் குடியிருப்போர் சங்கத்தின் இணையவழிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நம் குடியிருப்பில் பலருடைய பிள்ளைகள் அமெரிக்காவில் குடியுரிமையோ கிரீன் கார்டோ பெற்று வாழ்கிறார்கள். "வீட்டில் எல்லோருக்கும் கொரோனா பணம் வந்தது, காலேஜ் முடித்த பேரனுக்கு மட்டும் வரவில்லையே, ஏன்?" என்று சிலர் கேட்டீர்கள். அதற்கான பதிலைச் சொல்கிறேன்.

அங்கே அரசு மூன்று முறை பணம் தந்திருக்கிறது. 2020 மார்ச் சட்டப்படி தலைக்கு 1,200 டாலர். டிசம்பர் சட்டப்படி 600. இந்த மார்ச்சில் 1,400. முழுத் தொகை கிடைக்க, தனி நபரின் ஆண்டு வருமானம் 75,000 டாலரைத் தாண்டக் கூடாது.

முதல் இரண்டு தவணைகளில் 17 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்காகப் பெற்றோருக்குக் கூடுதல் தொகை உண்டு. ஆனால் 17 வயது ஆகியும் பெற்றோரின் வரிக் கணக்கில் 'டிபென்டன்ட்' ஆக இருப்பவருக்கு எதுவும் இல்லை. அவருக்காகப் பெற்றோருக்கும் இல்லை. மூன்றாவது தவணையில்தான் எல்லா வயது டிபென்டன்ட்டுக்கும் சேர்த்துப் பெற்றோருக்குத் தருகிறார்கள்.

இனி முக்கியமான விஷயம். முதல் இரண்டு தவணைகளும் 2020ஆம் ஆண்டு வரிச் சலுகைக்கான முன்பணம். அவசரத்தில் பழைய கணக்கைப் பார்த்து அனுப்பினார்கள். எனவே 2019இல் டிபென்டன்ட்டாக இருந்து 2020இல் அப்படி இல்லாதவர், தன் பெயரில் 2020 ரிட்டர்ன் போட்டு, 1040 படிவத்தின் 30ஆம் எண் இடத்தில் 1,800 டாலரைக் கேட்கலாம். நம் பணத்தில் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல்.

இரண்டு பையன்களை வைத்துச் சொல்கிறேன். இருவருக்கும் வயது 22. ஒருவன் 2019 டிசம்பரில் படிப்பை முடித்து ஜனவரியில் வேலைக்குப் போய்விட்டான். அவன் 2020இல் மாணவன் இல்லை. ஆண்டு வருமானமும் 4,300 டாலருக்கு மேல். அவன் டிபென்டன்ட் ஆக மாட்டான், பணம் உண்டு. மற்றவன் 2020 மே மாதம் படிப்பை முடித்தான். ஐந்து மாதம் முழுநேர மாணவனாக இருந்தாலே அந்த ஆண்டுக்கு மாணவன்தான். 24 வயது ஆகவில்லை, பாதி ஆண்டுக்கு மேல் பெற்றோர் வீட்டில் இருந்தான், தன் செலவில் பாதிக்கு மேல் தானே பார்த்துக்கொள்ளவில்லை என்றால் அவன் டிபென்டன்ட். "அப்பா என்னைக் கணக்கில் காட்டவில்லை" என்று சொன்னாலும் செல்லாது. காட்ட முடியுமா என்பதுதான் கேள்வி.

வீடுகளில் நடக்கும் வேடிக்கை என்னவென்றால், அப்பா வழக்கம்போல மகனையும் சேர்த்து ரிட்டர்ன் போட்டுவிடுகிறார். அவருக்குக் கிடைப்பது 500 டாலர் வரிச் சலுகை. முதல் பையனைப் போன்ற மகன் இழப்பது 1,800. பிறகு மகன் இணையத்தில் போடும் ரிட்டர்னும் நிராகரிக்கப்படும். அப்பா திருத்தக் கணக்கு கொடுக்க வேண்டிவரும். ஆகவே யாரும் ரிட்டர்ன் போடுவதற்கு முன் அப்பாவும் பிள்ளையும் ஒரு முறை பேசிக்கொள்ளட்டும்.

எஃப்-1 விசாவில் படிக்கச் சென்ற பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு எச்சரிக்கை. முதல் ஐந்து ஆண்டுகள் அவர்கள் பொதுவாக வரிச் சட்டப்படி அந்நாட்டில் வசிப்பவர்கள் அல்லர். அவர்களுக்கு இந்தப் பணம் கிடையாது. போட வேண்டியது 1040-என்ஆர் படிவம். தவறுதலாகப் பணம் வந்திருந்தால் செலவழிக்காமல் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். வராத பணத்தை விட, வரக்கூடாத பணம்தான் பிற்பாடு தொல்லை தரும்.

இந்த ஆண்டு கடைசி நாள் மே 17. வரி கட்ட வேண்டாத அளவு சம்பாதித்தவரும் ரிட்டர்ன் போட்டால்தான் பணம் வரும். இன்று இரவு அமெரிக்காவுக்குப் பேசும்போது, "சாப்பிட்டாயா?" என்று கேட்ட பிறகு இதையும் கேட்டுவிடுங்கள்.