நாடகத்தில் கற்கும் ஆங்கிலச் சொல்
(தெரணியகலை இளைஞர் முன் ஆற்றிய உரை)



ஆங்கிலத்தின் கடினமான சொற்களைக் கற்பது எப்படி என்று பேசுமாறு எம்மைப் பணித்தீர்கள். நம் பிள்ளைகள் நாளொன்றுக்குப் பத்துச் சொல் என்று நெட்டுருப் பண்ணுகிறார்கள். பரீட்சை முடிந்ததும் சொற்களும் போய்விடுகின்றன. ஆனால் நம் தோட்டங்களிலே, பள்ளிக்கூடம் காணாத முதியவர்கள் பொன்னர் சங்கர் கூத்தின் கடுந்தமிழைப் பிழையின்றிப் பாடியதைக் கேட்டிருக்கிறோம். கதையோடு வந்த சொல் நெஞ்சில் நிற்கும். அதனாலேயே ஷேக்ஸ்பியரின் ‘யூலியஸ் சீசர்’ என்னும் துன்பியல் நாடகத்தை உங்கள் கையில் தர விரும்புகிறோம். 1599ஆம் ஆண்டு இலண்டனில் மேடையேறிய அது, அவர் நாடகங்களுள் எளிய நடையுடையவற்றில் ஒன்று.

முதலில் ‘கொன்ஸ்பிரசி’ என்னும் சொல். சதி என்று அகராதி கூறும். ஒன்றாக மூச்சு விடுதல் என்பதே இலத்தீன் மூலப்பொருள். நள்ளிரவில் முகத்தை மறைத்துக்கொண்டு புரூட்டஸின் வீட்டிலே கூடுகிறவர்களைக் கண்டவன் இச்சொல்லை மறப்பானா?

அடுத்தது ‘அம்பிஷன்’. பதவி வேட்கை. உரோமாபுரியில் வாக்குக் கேட்டுச் சுற்றி வந்ததிலிருந்து பிறந்த சொல். சீசரைக் கொன்றதற்குப் புரூட்டஸ் கூறும் காரணம் இதுவே.

மூன்றாவது ‘ஒனரபிள்’, அதாவது மாண்புமிக்க. சீசரின் சடலத்தருகே நின்று பேசும் அந்தோனி, கொலைகாரர்களை இச்சொல்லால் மீண்டும் மீண்டும் குறிப்பிடுகிறான். மரியாதையாகத் தொடங்கிய சொல் மெல்ல மெல்லப் பழிச்சொல்லாகிறது. இதை எந்த அகராதி கற்றுத் தரும்?

அப்பேச்சால் வெறிகொண்ட கூட்டம் வழியிலே சின்னா என்ற கவிஞனைப் பிடிக்கிறது. சதிகாரன் ஒருவனுக்கும் அதே பெயர். தான் வேறு ஆள் என்று அவன் கதறியும் விடவில்லை. சொல்லை ஆராயாத கூட்டம் எதையும் செய்யும்.

சொல்லறியாதார் படும் பாடு நமக்கு ஏட்டுக்கதை அன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் பல இலட்சம் பேரை நாடற்றவராக்கியது. அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. லயத்திலிருந்த நம் பாட்டன்மார் பலர் தம் தலைவிதியைப் பிறர் படித்துச் சொல்லியே அறிந்தனர். நாடற்றவராய் எஞ்சியிருந்தோருக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது. கைநாட்டு வைத்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள், ஒப்பமிடுமுன் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்க்க வேண்டாமா?

இது பெரிய வீட்டுப் பிள்ளைகளின் நூல் என்று எண்ணாதீர்கள். தென்னாபிரிக்காவின் ரொபன் தீவுச் சிறையிலிருந்த இந்திய வம்சாவளியினரான சொன்னி வெங்கடரத்தினம், தம் ஷேக்ஸ்பியர் நூலின்மீது தீபாவளி வாழ்த்து மடல்களின் தெய்வப் படங்களை ஒட்டி, சமய நூல் என்று காவலரை நம்பவைத்துக் காப்பாற்றினார். சக கைதிகள் அதைக் கைமாற்றிப் படித்து, தமக்குப் பிடித்த இடத்தில் ஒப்பமிட்டனர். நெல்சன் மண்டேலா 1977 டிசெம்பர் 16இல் ஒப்பமிட்டது இதே ‘யூலியஸ் சீசர்’ நாடகத்தில்.

ஆங்கிலம் படித்தால் தமிழ் போய்விடும் என்று பெரியோர் அஞ்சவும் வேண்டாம். காரைதீவு தந்த விபுலானந்த அடிகள் ஷேக்ஸ்பியரைச் ‘செகசிற்பியார்’ என அழைத்து, அவர் நாடகங்களை ஆராய்ந்து, 1926இல் ‘மதங்க சூளாமணி’ என்னும் தமிழ் நூலாக நமக்கு அளித்தார்.

இளைஞர்களே! வாரம் ஒருநாள் கூடுங்கள். பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டு ஒரு காட்சியை உரக்கப் படியுங்கள். வழக்கொழிந்தவற்றை விட்டு, இன்றும் வழங்கும் சொற்கள் ஐந்தைப் பொறுக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் பொருள் எழுதி, நம் தோட்டத்து வாழ்வை வைத்தே ஒரு வாக்கியம் அமையுங்கள். அடுத்த ஆண்டு விழாவில் அந்தோனியின் உரையை உங்களுள் ஒருவர் இம்மேடையிலே பேசட்டும். கேட்க நாம் முன்வரிசையில் இருப்போம்.